கரைநடைக்கு இரண்டு டிக்கெட்

கடல் இல்லாத ஊரில் கரைநடை என்று டூர் நடத்த ஒரு துணிச்சல் வேண்டும். அன்புச்செல்வனுக்கு அது தாராளமாகவே இருந்தது. திருச்சியில் கடல் இல்லை, சரி; காவிரி இருக்கிறது, கொள்ளிடம் இருக்கிறது, ஆளுக்கு இரண்டாக நாலு கரை இருக்கிறது, கடலுக்கே ஒரு கரைதானே என்று கேட்பான். காலையில் முக்கொம்பில் நடை. அப்புறம் ஜீயபுரம் பக்கம் வாழைத் தோட்டத்து வரப்பில் நடை. மத்தியானம் ஆற்றோரத்தில் கேத்தரின் அம்மாள் வீட்டில் சாப்பாடும், அவர் கையால் போட்ட திராட்சை ஒயினும். சாயங்காலம் ஸ்ரீரங்கத்தில் கொண்டுவந்து இறக்கிவிடுவான். ஒயினை விலைக்குக் கொடுத்தால் போலீஸ் வரும். சாப்பாட்டோடு சேர்த்து ஊற்றிக் கொடுத்தால் அது விருந்தோம்பல். இந்த ஒரு வித்தியாசத்தை நம்பித்தான் அவன் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

பிரேமலதா இந்த டூருக்கு இரண்டு டிக்கெட் வாங்கியிருந்தாள். அவளுக்கு ஒயினும் வேண்டாம், இயற்கைக் காட்சியும் வேண்டாம். ஸ்ரீரங்கத்தில் வாடகை வீடு, சின்னக்கடை வீதி ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை. ஞாயிற்றுக்கிழமை கிடைத்தால் துணி துவைத்துப் போட்டுவிட்டுத் தூங்குகிறவள். அவள் வந்த காரணம் வேறு.

அவளுடைய கணவர் ரங்கநாதன் பம்புசெட் மெக்கானிக். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆடி மாதம், மேட்டூர் தண்ணீர் முக்கொம்பில் நிரம்பி, மிச்சத்தைக் கொள்ளிடத்தில் திறந்துவிட்டிருந்த சமயம், தண்ணீர் பார்க்கப் போகிறேன் என்று பைக்கை எடுத்துக்கொண்டு போனார். பைக் முக்கொம்புப் பாலத்தடியில் நின்றது. ஆளைக் காணோம். போலீஸ் தேடியது, தீயணைப்புப் படை தேடியது. பிறகு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

உடம்பு கிடைக்கவில்லை என்றால் ஊர் சும்மா இருக்குமா? ரங்கநாதனின் தம்பி, அண்ணனைப் பழனி அடிவாரத்தில் பார்த்தேன் என்றார். கரூரில் ஒரு பெண்ணோடு பஸ் ஏறினார் என்று எதிர்வீட்டில் பேசிக்கொண்டார்கள். காரியத்தைச் செய்து முடித்துவிடு என்று சொந்தக்காரர்கள் சொன்னபோது பிரேமலதா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. தாலி, பொட்டு, பூ எதையும் எடுக்கவில்லை. யார் கேட்டாலும், "அவர் ஊருக்குப் போயிருக்கார்" என்று ஒரே பதில்தான்.

அவர் செத்துப்போயிருப்பாரோ என்ற பயம் அவளுக்கு இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. செத்துப்போயிருந்தால் அழுது தீர்க்கலாம். உயிரோடு இருந்து, இவள் வேண்டாம் என்று பைக்கை நிறுத்திவிட்டு நடந்து போயிருந்தால்? சேர்ந்து வாழ்ந்த இத்தனை வருஷத்துக்கும் என்ன மரியாதை? இந்தக் கேள்விதான் அவளைத் தின்றுகொண்டிருந்தது. இதை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அப்படி இருக்கும்போதுதான் கடையில் கூட வேலை செய்யும் பெண் இந்த டூருக்குப் போய்வந்து, "அக்கா, கொள்ளிடம் மணல்ல உங்க வீட்டுக்காரர் மாதிரியே ஒருத்தர் நின்னார். கூப்பிட்டுப் பார்த்தேன், திரும்பல" என்றாள். பிரேமலதா அன்றைக்கே அன்புச்செல்வனுக்குப் போன் போட்டாள். எத்தனை டிக்கெட் என்று அவன் கேட்டதும் வாய் தானாக, "ரெண்டு, நானும் எங்க வீட்டுக்காரரும்" என்று சொல்லிவிட்டது. பொட்டு வைத்த பெண் தனியாக டூர் வந்தால் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லி மாளாது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, சத்திரம் பேருந்து நிலையத்தில் வேன் நின்றது. "சார் வரலையா மேடம்?" என்றான் அன்புச்செல்வன். கொஞ்சம் வேலை வந்துவிட்டது என்றாள். "பரவாயில்ல, நடுவுல எங்கயாவது வந்து சேர்ந்துக்கட்டும், பணம் கட்டியாச்சுல்ல" என்று சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தான். கூட வந்தவர்கள் ஒரே ஒரு ஜோடி. குவைத்திலிருந்து லீவில் வந்திருக்கும் ஜெகபர் அலியும் அவர் மனைவி சுராயாவும். பாலக்கரைக்காரர்கள். ஒயின் அவர்களுக்கு ஆகாது. திராட்சை ஜூஸுக்கு முன்னாலேயே சொல்லி வைத்திருந்தார்கள். ஜெகபர் அலி கண்ணில் பட்டதையெல்லாம் வீடியோ எடுத்தார். குவைத்தில் போய் யாருக்குக் காட்டப் போகிறாரோ, ரோட்டோரத்து எருமை மாட்டைக்கூட விடவில்லை.

முக்கொம்பில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் இன்னும் சேரவில்லை. மீன் வறுக்கிற கடைகளில் அப்போதுதான் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள். அன்புச்செல்வன் ஷட்டர்களைக் காட்டி, காவிரி எப்படி இங்கே இரண்டாகப் பிரிகிறது என்று கைகளை விரித்து விளக்கினான். பிரேமலதாவுக்கு ஒரு வார்த்தையும் காதில் ஏறவில்லை. பைக் நின்ற இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே இப்போது இளநீர் மட்டைகளைக் குவித்து வைத்திருந்தார்கள்.

ஷட்டருக்குக் கீழே கொள்ளிடம் காய்ந்து கிடந்தது. கண்ணுக்கெட்டின மட்டும் மணல், நடுவே ஓடைபோல் ஒரு தண்ணீர். எல்லோரும் இறங்கி நடந்தார்கள். பிரேமலதா மட்டும் பின்தங்கி நின்றாள். கடையில் கூட வேலை செய்யும் பெண் சொன்ன இடம் இதுதான். மனித வாடையே இல்லை. மணல் மேல் இரண்டு கொக்கு நின்றது. இதற்காகவா வந்தோம் என்று ஏமாற்றமாக இருந்தது. கோபமும் வந்தது. தண்ணீரைப் பார்த்து, வீட்டில் சாப்பிடக் கூப்பிடுகிற குரலில், "போதும், வாங்க. வீட்டுக்குப் போலாம்" என்றாள்.

துக்கம் நடந்த இடத்தில் யாரும் யாரையும் வாங்க என்று சொல்வதில்லை. அது சின்னக் குழந்தைக்குக்கூடச் சொல்லிக் கொடுக்காமல் தெரிகிற விஷயம். பிரேமலதாவுக்கும் தெரியும். ஆனால் அவளைப் பொறுத்தவரை அங்கே துக்கம் எதுவும் நடக்கவில்லையே. இரண்டு வருஷமாக ஒத்துக்கொள்ளாத ஒன்றை அந்த ஒரு நிமிஷத்தில் எப்படி ஞாபகம் வைத்துக்கொள்வாள்? சொல்லிவிட்டாள். கொக்குகள் இரண்டும் எழுந்து பறந்தன.

அவள் மற்றவர்களோடு போய்ச் சேர்ந்தபோது சுராயா சிரித்தாள். "அக்கா, அண்ணன் வந்துட்டார் போல. உங்க டிக்கெட் வீணாப் போகல."

"எங்க?"

"உங்க பின்னாடிதான் வந்துகிட்டிருந்தார்."

பிரேமலதா திரும்பினாள். மணல்தான் கிடந்தது. "யாரு? என்ன சட்டை?" என்றாள். குரல் தன் குரல் மாதிரியே இல்லை.

"நல்லாருக்கே, உங்க வீட்டுக்காரர் என்ன சட்டை போட்டிருக்கார்னு என்னைக் கேக்கிறீங்களே. மஞ்சள்ல கட்டம் போட்டது. கையை மடிச்சு விட்டிருக்கார். பாவம், வேகமா நடந்து வந்தார் போல, வேர்வையில தொப்பலா நனைஞ்சிருக்கார்."

மஞ்சள் கட்டம். போலீஸ் ஸ்டேஷனில் அவள் எழுதிக் கொடுத்த சட்டை. இந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? பிரேமலதா வந்த வழியே ஓடினாள். பாலத்தடி, பூங்கா, மீன் கடை எல்லாம் பார்த்தாள். இல்லை. மூச்சு வாங்கத் திரும்பி வந்தால் அன்புச்செல்வன் வேனைக் கிளப்பி வைத்துக்கொண்டு நிற்கிறான். "ஏறுங்க மேடம். சாரையும் கூப்பிட்டேன். பின்னாடி வரேன்னு தலையாட்டினார். பைக்லதானே வந்திருக்கார்?"

போலீஸ் திருப்பிக் கொடுத்த பைக் அவள் வீட்டு வாசலில் சாக்குப் போர்த்தி நின்றுகொண்டிருந்தது. எனக்கு மட்டும் அவர் தெரியவில்லை என்று சொன்னால் பைத்தியம் என்பார்கள், அல்லது டூரை நிறுத்திவிடுவார்கள். நிறுத்திவிட்டால் அவர் போய்விடுவார். அந்தப் பயத்தில் வாயை மூடிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

ஜீயபுரம் தாண்டி வாழைத் தோட்டத்துக்குள் நடந்தபோது பயம் போய் ஆத்திரம் வந்திருந்தது. உயிரோடு இருக்கிறார், அது முடிவாகிவிட்டது. ஊரில் வருகிறவன் போகிறவன் கண்ணுக்கெல்லாம் தெரிகிறார், கட்டின பெண்டாட்டி திரும்பினால் மட்டும் ஒளிந்துகொள்கிறார். அப்படியென்றால் பழனியும் உண்மை, கரூரும் உண்மை. இவளுக்கு அழுகை வரவில்லை. கையில் கிடைத்தால் நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள்.

வாழைக்கு முட்டுக்கட்டை கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்து, பூவன் சீப்பு ஒன்றை எடுத்து நீட்டினாள். "பின்னாடி வர்ற அண்ணனுக்குக் குடுங்கம்மா. முகமெல்லாம் வெளுத்துப் போயிருக்கு. சாப்பிட்டு ரொம்ப நாளான மாதிரி இருக்காரு."

பிரேமலதா சட்டென்று திரும்பினாள். இரண்டு பக்கமும் வாழை, நடுவே வந்த பாதை, பாதையில் யாருமில்லை. சற்றுத் தூரத்தில் ஒரு இலை மட்டும் யாரோ விலக்கிவிட்டதுபோல் ஆடிக்கொண்டிருந்தது. காற்று இல்லை.

"வெளிய வாங்க" என்றாள் பல்லைக் கடித்தபடி. "இத்தனை பேர் முன்னாடி என்னை அசிங்கப்படுத்தாதீங்க. வாங்க."

இலை ஆட்டம் நின்றது. அதற்கு முன்னால் இருந்த வாழையின் இலை ஆடியது. அப்புறம் அதற்கும் முன்னால் இருந்தது. ஏதோ ஒன்று அவளை நோக்கி வந்து, கை எட்டும் தூரத்தில் நின்றது. கீழே காய்ந்த சருகின் மேல் சொட்டுச் சொட்டாக எதுவோ விழும் சத்தம் கேட்டது. நேற்றுப் பாய்ச்சின தண்ணீர் இலையிலிருந்து வடிகிறது என்று நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொண்டாளே தவிர, அங்கே நிற்க அவளால் முடியவில்லை. சீப்பைச் சருகின் மேலேயே வைத்துவிட்டு வேகமாக முன்னால் போய்விட்டாள்.

வரப்பு முடிகிற இடத்தில் நின்று பார்த்தபோது அன்புச்செல்வன் பின்தங்கி யாருடனோ பேசிக்கொண்டிருந்தான். எதிரில் நிற்பது யார் என்பதை ஒரு வாழைமரம் மறைத்தது. பேசிக்கொண்டே அவன் கையை நீட்டி பிரேமலதாவைக் காட்டினான். இன்னொரு முறையும் காட்டினான். பிறகு குழப்பமாகத் தலையைச் சொறிந்துகொண்டு தனியே வந்தான். என்ன என்று இவள் கேட்கவில்லை. கேட்கத் துணிவில்லை.

கேத்தரின் அம்மாள் வீடு காவிரிக் கரையை ஒட்டியிருந்தது. ரயில்வே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் போய்ச் சேர்ந்த பிறகு தனியாக இருக்கிறார். ஆற்றுப் பக்கம் தென்னையும் படித்துறையும், சுவரில் மாதா படம், கூடத்து மூலையில் வெள்ளைத் துணி கட்டிய பீங்கான் ஜாடிகள். பன்னீர் திராட்சையும் சர்க்கரையும் பட்டையும் கிராம்பும் போட்டு ஊறவைத்த வாசனை வாசல் வரைக்கும் வந்தது. "வாங்க பாய், வாம்மா, வாங்க" என்று ஒவ்வொருவரையும் முகம் பார்த்துக் கேட்டு உள்ளே விட்டார். கடைசியாக பிரேமலதா ஏறினாள். அவளுக்குப் பின்னால் பார்த்த கேத்தரின் அம்மாளின் வாய் பாதியில் நின்றது. வாங்க என்ற சொல் வரவில்லை. கதவை மெல்லச் சாத்தித் தாழ் போட்டார்.

"என்னம்மா, சார் வெளிய நிக்கிறார்" என்றான் அன்புச்செல்வன்.

"தெரியுது, நீ உட்காரு" என்றார் கேத்தரின் அம்மாள். பிரேமலதாவின் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். நர்ஸ் கை, நாடி பார்க்கிற மாதிரியே பிடித்துக்கொண்டது. "அவர் எப்பம்மா தவறினார்?"

"தவறல. காணாமப் போயிருக்கார். இப்ப வந்திருக்கார். எல்லாரும் பார்க்கிறாங்க."

"நீங்க பார்த்தீங்களா?"

பிரேமலதா தாழ் போட்ட கதவைப் பார்த்தாள்.

"ஆஸ்பத்திரியில எத்தனையோ சாவைப் பார்த்தவ நான்மா. அவர் உடம்புல இருக்கிறது வேர்வை இல்ல. இந்த வெயில்ல இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கார், சட்டையில ஒரு நூல் காயல. தலைமுடியிலேருந்து தண்ணி வடிஞ்சுகிட்டே இருக்கு, கீழ விழுற தண்ணியில மணல் இருக்கு. வெயில் அடிக்குது, அவர் கண்ணைச் சிமிட்டல."

சுராயா வாயைப் பொத்திக்கொண்டாள். ஜெகபர் அலியின் போன் தானாகக் கீழே இறங்கியது. "யா அல்லாஹ், மவுத்தானவரா?" என்றார். "தம்பி, வேனை எடு, கிளம்புவோம்."

"அக்காவ இப்படியே விட்டுட்டா?" என்றாள் சுராயா. அவளுக்கும் பயம்தான். ஆனால் எழுந்து வந்து பிரேமலதாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பிரேமலதாவுக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. சொன்னால் நம்பமாட்டார்கள்; அவளுக்கு வந்தது நிம்மதி. போகவில்லை. கரூரும் இல்லை, பழனியும் இல்லை. என்னை விட்டுவிட்டு எங்கேயும் போகவில்லை, தண்ணீர்தான் கொண்டுபோயிருக்கிறது. ஒரு பெருமூச்சு வந்து, நெஞ்சில் இரண்டு வருஷமாக உட்கார்ந்திருந்த கல் நகர்ந்தது. புருஷன் செத்தது தெரிந்து நிம்மதி அடைகிறோமே என்று அடுத்த நிமிஷமே வெட்கமாக இருந்தது. அப்புறம்தான் அழுகை வந்தது. வந்ததும் அடங்கவில்லை.

அன்புச்செல்வன் வியர்த்துப் போய் நின்றான். காலையிலிருந்து அவன் விட்ட ஜோக்கெல்லாம் எங்கே போயிற்றோ. "மேடம், தோட்டத்துல அவர் என்கிட்ட பேசினார்" என்றான். "பிரேமா என்னைக் கூப்பிட்டா, எங்க அவன்னு கேட்டார். அதோ முன்னாடி போறாங்களேன்னு கையைக் காட்டினேன். அந்தப் பக்கமேதான் பார்த்தார். மறுபடியும் எங்க அவன்னுதான் கேட்டார். கண் பார்வை குறைவு போலன்னு நினைச்சேன்."

"எங்க கூப்பிட்டீங்க?" என்றார் கேத்தரின் அம்மாள்.

"கொள்ளிடம் மணல்ல. வீட்டுக்குப் போலாம் வாங்கன்னு சொன்னேன்."

கேத்தரின் அம்மாள் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. திட்டவில்லை. "அவர் குடிப்பாராம்மா?" என்று கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை மட்டும். எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுகிட்டு, ஏலக்காய் மென்னுட்டு வருவார்."

கேத்தரின் அம்மாள் எழுந்தார். பின்பக்கத்து அறைக்கு இரண்டு கதவு; ஒன்று கூடத்துக்கு, ஒன்று ஆற்றுப் பக்கம். அறையில் இலை போட்டுச் சோறும் மீன் குழம்பும் வைத்தார். ஜாடியிலிருந்து ஒரு டம்ளர் ஒயின் ஊற்றி இலைக்குப் பக்கத்தில் வைத்து, ஆற்றுப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார். கூடத்துப் பக்கம் வந்து இந்தக் கதவைச் சாத்தித் தாழ் போட்டார். "எங்க வீட்டுக்காரர் பரம்பரையில செத்தவங்களுக்கு இப்படித்தான் படைப்பாங்க. கோயிலுக்கும் போவோம், இதையும் விடமாட்டோம். சர்ச் சாமியாருக்கும் தெரியும், கேட்டுக்கமாட்டார். சாப்பிட நேரம் குடுத்துட்டு நாமதான் கதவைத் தட்டணும். தட்டினா அவங்க எழுந்து போயிடுவாங்க. அதுக்கப்புறம்தான் திறக்கணும். இன்னிக்கு நீங்கதான்மா தட்டணும்."

எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் சாப்பிடவில்லை. சுராயா கண்ணை மூடி உதட்டுக்குள் ஓதிக்கொண்டிருந்தாள். உள்ளே பாத்திரம் நகரும் சத்தம்கூட இல்லை. ஒரே ஒருமுறை தரையில் தண்ணீர் வடிகிற சத்தம் கேட்டது, நின்றது. கதவின் இடுக்கு வழியாகப் பாசி வாடை வந்தது.

"இப்பத் தட்டுங்க" என்றார் கேத்தரின் அம்மாள்.

பிரேமலதா எழுந்து கதவருகே போனாள். கையை உயர்த்தினாள். விரல் கதவில் படுவதற்கு முன் உள்ளேயிருந்து யாரோ தட்டினார்கள்.

இரண்டே தட்டு, மெதுவாக. ஞாயிற்றுக்கிழமை ஏலக்காய் மென்றுகொண்டு வந்து, பக்கத்து வீட்டுக்குக் கேட்கக்கூடாது என்று இரண்டு விரலால் தட்டுவாரே, அந்தத் தட்டு. அந்த மாதிரி தட்டு கேட்டால் அவள் கை தானாகத் தாழ்ப்பாளுக்குப் போகும். இப்போதும் போயிற்று.

"திறக்காதீங்கம்மா" என்றார் கேத்தரின் அம்மாள். முதன்முறையாக அவர் குரலும் ஆடியது. "வெளிப்பக்கம் திறந்துதான் இருக்கு. அப்பவும் போகல. நீங்க கூப்பிட்டு வந்தவர், நான் படைச்சதுக்குப் போகமாட்டார்."

பிரேமலதா திறந்தாள். பயமில்லாமல் இல்லை. ஆனால் கட்டின புருஷன் கதவைத் தட்டித் திறக்காமல் இருக்க அவளுக்குத் தெரியாது.

ஆற்றுக் குளிர்ச்சி முகத்தில் அடித்தது. அறையில் யாரும் இல்லை, அவள் கண்ணுக்கு. சோறு போட்டது போட்டபடி இருந்தது. டம்ளரில் ஒயினின் நிறம் வெளுத்துத் தண்ணீராகியிருந்தது. அடியில் ஒரு விரல் உயரத்துக்கு மணல் படிந்திருந்தது. வாசற்படியில் ஈரம் பரவி அவள் கால் விரலைத் தொட்டது.

தலையை மட்டும் திருப்பிப் பின்னால் பார்த்தாள். கூடத்தில் இருந்த எல்லோருடைய கண்களும் அவளுக்கு நேர் முன்னால், அவளைவிட ஒரு சாண் உயரத்தில் இருந்த எதையோ பார்த்துக்கொண்டிருந்தன.

"சுராயா, என்ன பண்றார்?"

"உங்க எதிர்லதான் நிக்கிறார்க்கா."

"என்னைப் பார்க்கிறாரா?"

சுராயாவுக்குப் பொய் சொல்ல ஆசைதான். வரவில்லை. "இல்லக்கா. சுத்திச் சுத்திப் பார்க்கிறார். எங்க மூஞ்சியெல்லாம் ஒவ்வொண்ணா பார்க்கிறார். உங்களைத் தாண்டித்தான் பார்க்கிறார்."

அவருக்கும் இவள் தெரியவில்லை. காலையிலிருந்து இவள் அவரைத் தேட, அவர் இவளைத் தேட, இருவரும் ஒரே பாதையில் ஒருவர் பின் ஒருவராக நடந்து வந்திருக்கிறார்கள். குரல் மட்டும்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடலாமா என்று ஒரு கணம் பிரேமலதா நினைத்தாள். நினைத்தாள் என்ன, ஆசைப்பட்டாள். பார்க்காவிட்டால் என்ன, ஒரே கூரையின் கீழ் இருப்பார். ஒருவரை ஒருவர் பார்க்காமலே குடும்பம் நடத்துகிறவர்கள் ஊரில் இல்லாமலா இருக்கிறார்கள்? ஆனால் அவர் உட்காரமாட்டார். ஈரத்தோடு அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடந்து, எங்க அவ, எங்க அவ என்று கேட்டுக்கொண்டே இருப்பார். பதில் சொல்ல இவள் வாயைத் திறந்தால் இன்னும் பக்கத்தில் வந்து தேடுவார். அதற்கு முடிவே இருக்காது. அது அவருக்குச் செய்கிற கொடுமை.

அனுப்ப வேண்டும். அனுப்ப இவளால் மட்டும்தான் முடியும், இவள் குரல் ஒன்றுதான் அவருக்குக் கேட்கிறது. வாயைத் திறந்தாள். "போயிட்டு" என்று வழக்கமாக வருவதுதான் வந்தது. அப்படியே நிறுத்திக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கடைக்குப் போனாலும் வெளியூர் போனாலும் அவரிடம் வேறு மாதிரி சொல்லிப் பழக்கமே இல்லை. எவ்வளவு பெரிய சண்டையிலும் அந்த ஒற்றைச் சொல்லை மட்டும் அவள் சொன்னதில்லை. எந்தப் பெண்டாட்டி சொல்வாள்?

"போங்க" என்றாள்.

"கேட்டுச்சுக்கா" என்றாள் சுராயா மெல்ல. "உங்க குரல் வர்ற பக்கம் திரும்பிட்டார்."

"நான் நல்லா இருக்கேன். என்னைத் தேட வேண்டாம். நீங்க போங்க."

கண்ணீர் கழுத்துவரை ஓடியது. துடைக்காமல் மற்றவர்களின் கண்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் போவதைப் பார்க்க அவளுக்கு வேறு வழியில்லை. நான்கு ஜோடிக் கண்களும் முதலில் அவளுக்கு எதிரிலேயே இருந்தன. பிறகு மெதுவாக நகர்ந்தன. அறையைத் தாண்டி, ஆற்றுப் பக்கத்துக் கதவைத் தாண்டி, வெளியே போயின.

"இப்ப?"

"தென்னைகிட்ட போறார்க்கா."

"இப்ப?"

"படியில இறங்குறார்." சுராயாவின் குரல் உடைந்தது. "நின்னுட்டார். காது குடுத்து நிக்கிறார்."

இன்னொரு சொல், ஒரே ஒரு சொல் சொன்னால் திரும்பி வந்துவிடுவார். பிரேமலதாவின் நாக்கில் அது வந்துவிட்டது. முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்துக் கடித்துக்கொண்டாள். கேத்தரின் அம்மாள் பின்னாலிருந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"நடக்கிறார்" என்றாள் சுராயா. "தண்ணிக்குள்ள போறார். இடுப்பு மட்டும்."

பிரேமலதா முந்தானையை எடுத்தாள். "இப்ப?"

எல்லோருடைய கண்களும் ஆற்றில் ஒரே இடத்தில் நின்றன. வெகுநேரம் அங்கேயே நின்றன. பிறகு ஒவ்வொருவராகத் திரும்பி அவளைப் பார்த்தார்கள்.